நான்காம் வரிசைக் கிழங்கு

செப்டம்பர் 26, வியாழன்

நாளை மறுநாள் கிழங்கு தோண்டப் போகிறோம். காலையிலிருந்து ஒரே பயம். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் கேட்டால் சிரிப்பார். "ஒனக்குப் பல்லி கத்துனாலே மூணு நாள் காய்ச்சல் வருமே ஜெசி" என்பார். அவருக்கென்ன, பஸ் ஓட்டுகிறவர். கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டே வளைவில் திருப்புவார். இன்று வத்தலக்குண்டு டிரிப். நாளைதான் வருவார்.

எங்கள் ஆய்வுப் பண்ணையின் மேல்கோடியில், வலை வேலிக்குள், ஆறு வரிசை உருளைக்கிழங்கு இருக்கிறது. வரிசைக்கு ஒரு ரகம், இருபது செடி. அந்த வேலியின் சாவி என்னிடம். மாதங்கி மேடம் கோயம்புத்தூர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து உண்டாக்கிய செடிகள். கருகல் நோய்க் காளான் உள்ளே வருவதற்குச் செடியே ஒரு கதவைத் திறந்து கொடுக்கிறதாம். அந்தக் கதவைத் திறக்கிற மரபணுவை மட்டும் குறிபார்த்து வெட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து எதையும் உள்ளே நுழைக்கவில்லை. மேடம் இதை எனக்கு நாலு தடவை சொல்லிவிட்டார். நாலாவது தடவைதான் புரிந்தது.

ஆகஸ்ட் மழையில் வட்டச்சோலையிலிருந்து மேலே சருகுமேடு வரைக்கும் ஒரு கிழங்குக் காடு மிச்சமில்லாமல் கருகிப்போயிற்று. கொதிநீர் ஊற்றியது போல் இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. வேலிக்குள் மட்டும் ஆறு வரிசையும் பச்சையாக நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம்.

ஒரு கிழங்குகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. எண்ணி, நிறுத்து, பையில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பியது போக மீதியை வேகவைத்துக் குழியில் புதைக்க வேண்டும். "ஒண்ணே ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது ஜெசிந்தா" என்று மேடம் இன்று மறுபடியும் சொன்னார். சரி மேடம் என்றேன்.

ஸ்வெட்டர் மூன்று நாளாகக் காயவில்லை. கேஸ் தீரப்போகிறது.

செப்டம்பர் 28, சனி

தோண்டி முடித்தாயிற்று. மாதாவுக்கு நன்றி.

சருகுமேட்டிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல முத்துப்பேச்சிதான் ஆள் சேர்த்துக் கூட்டி வந்தாள். அவர்களோடு வெள்ளத்தாயும் வந்து நின்றாள், எட்டு மாத வயிற்றோடு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, இந்த வயித்தோட குனிஞ்சு எந்திரிக்க முடியுமா ஒன்னால?"

"எங்க காடுதான் பூராம் கருகிப்போச்சே சிந்தாக்கா. வீட்ல உக்காந்து என்னத்தப் பாக்க?" என்று சிரித்தாள்.

உட்கார்ந்து மண் துடைக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் யார் காட்டில் தோண்டினாலும் ஆளுக்கு ஒரு மடிக் கிழங்கு உண்டு. யாரும் கேட்டு வாங்குவதில்லை. முந்தானையில் முடிந்துகொள்வார்கள், காட்டுக்காரர் வேறு பக்கம் பார்ப்பார். இந்த வேலிக்குள் அந்த வழக்கம் கிடையாது என்று காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரிக்கா என்றார்கள்.

நான்காம் வரிசையில் முதல் செடியைத் தோண்டியதும் முத்துப்பேச்சி ஒரு கிழங்கைத் தூக்கிப் பிடித்தாள். "ஆத்தாடி! ஒரு புள்ளி கெடையாது பாருங்கடி. இது என்ன வெதைக்கா?"

"ஆராய்ச்சி வெதை. இன்னும் பரிசோதனை முடியல."

"முடிஞ்சா எங்களுக்குக் குடுப்பீகளா?"

"அஞ்சாறு வருசம் ஆகும் பேச்சியக்கா."

"அதுக்குள்ள நாங்க திருப்பூர்ல பனியன் தச்சுக்கிட்டு இருப்போம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. எதிரில் நிற்பவள் முகம் தெரியவில்லை. மூன்று மணிக்கு வேலை முடிந்தது. யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் வாசலிலேயே நின்று பார்த்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எண்ணினேன். மற்ற வரிசைகளில் எல்லாம் நூற்றைம்பத்தைந்துக்கு மேல். ஒன்றில் நூற்று அறுபத்தாறு. நான்காம் வரிசையில் நூற்றுப் பதினெட்டு. இரண்டு தடவை எண்ணினேன். நான்கு கொஞ்சம் காய்ப்புக் குறைந்த ரகம் போலிருக்கிறது. பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. அந்தோணியார் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினேன். "யாருக்கு நேத்திக்கடன்?" என்று அருள்தாஸ் கேட்டார். சும்மா என்றேன்.

அக்டோபர் 9, புதன்

மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ கெட்ட செய்திதான்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் நன்றாக இருக்கின்றன. இரண்டும் ஐந்தும் மேடம் நினைத்ததைவிடப் பிரமாதம். நான்குதான் கெட்டுப்போயிற்று.

"வெயில் பட்டுப் பச்சை பிடிச்ச கிழங்கு கசக்கும் தெரியுமில்ல? அந்த விஷம் இதுல எக்கச்சக்கமா இருக்கு. நம்ம வெட்டு சரியான இடத்துலதான் விழுந்திருக்கு. ஆனா இந்த ஒரு வரிசையில மட்டும் வேற ஒரு இடத்துலயும் விழுந்திருக்கு. நூறு கிராமுக்கு இருபது மில்லிகிராம் தாண்டக் கூடாது. இதுல தொண்ணூத்தாறு."

"வேக வச்சாப் போயிரும்ல மேடம்?"

"போகாது. வேக வச்சாலும் பொரிச்சாலும் போகாது. நல்லவேளை, எல்லாம் வேலிக்குள்ளயே இருக்கு. இதுக்குத்தானே இத்தனை கட்டுப்பாடு."

நான் தலையை ஆட்டினேன். எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஒருவேள யாராவது ஒரு பிள்ளத்தாச்சி தெரியாமச் சாப்பிட்டா என்ன ஆகும் மேடம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். ரிப்போர்ட்ல எழுதணுமோன்னு."

"வாந்தி, வயித்துப்போக்கு, தலைசுத்தல். நிறையச் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. பிள்ளைத்தாச்சின்னா ரெண்டு உயிர்."

வீட்டுக்கு வந்து வைத்த குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஏன் பிள்ளைத்தாச்சி என்று கேட்டேன்? யாராவது என்று கேட்டிருக்கக் கூடாதா? என் வாயைத் தைக்க வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒரு பேச்சுக்கு யாராவது ஒன்றிரண்டு எடுத்திருந்தாலும், தோண்டிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்று முடித்திருப்பார்கள். ஏதாவது ஆகியிருந்தால் ஊரே பேசியிருக்கும். ஒரு பேச்சும் இல்லை. ஆகவே ஒன்றும் இல்லை.

இன்று கேரட் பாத்திக்கு உரம் வைத்தோம்.

அக்டோபர் 12, சனி

காலையில் நூற்றெட்டு ஆம்புலன்ஸ் சருகுமேட்டுப் பாதையில் ஏறிப்போனது. கையில் இருந்த வாளி நழுவிக் காலில் விழுந்தது. அது திரும்பி வருகிற வரைக்கும் பாதை ஓரத்தில் அப்படியே நின்றேன். சைரன் இல்லாமல் வந்தது. டிரைவர் அருள்தாஸுக்குப் பழக்கம், நிறுத்திச் சொன்னார்: யாரோ ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம்.

பாவம் என்று வாயால் சொன்னேன். மனசுக்குள் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இப்படியும் ஒரு பெண்ணா நான்?

அக்டோபர் 13, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் கூட்டம். நானும் சொல்லவில்லை. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். தொண்ணூற்றாறு மில்லிகிராமுக்கு மூன்று ஜெபம் போதுமா?

அக்டோபர் 15, செவ்வாய்

களை எடுக்க முத்துப்பேச்சி வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, "வெள்ளத்தாயி எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ரெண்டு நாளா ஒரே வாந்திக்கா. குடிச்ச தண்ணிகூட நிக்க மாட்டேங்குது" என்றாள் களைக்கொத்தை நிறுத்தாமல்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லத் தைரியமில்லை, இந்த நோட்டிடமாவது சொல்கிறேன். அன்றைக்கு நான் வாசலிலேயே நிற்கவில்லை. பைகளில் கட்டுகிற அடையாளச் சீட்டை மறந்துவிட்டேன் என்று கொட்டகைக்குப் போனேன். கால் மணி நேரமாவது இருக்கும். திரும்பி வந்தபோது மற்றவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். மூடுபனிக்குள் வெள்ளத்தாய் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை வெறும் மடியோடு காட்டை விட்டு அனுப்பக் கூடாது என்பார்கள் இங்கே. அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், நிச்சயமாக. கேட்காமல் அவள் பாட்டுக்கு வெறும் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள்.

என் வயிற்றிலும் மூன்று தங்கின. மூன்றும் போய்விட்டன. ஒரு தடவைகூட எட்டு மாதம் வந்ததில்லை, யாரும் என் மடியில் எதையும் போட்டதில்லை.

கைக்கு எட்டிய கூடை நான்காம் வரிசைக் கூடை. உருண்டையாகப் பார்த்து ஏழு கிழங்கு எடுத்து அவள் மடியில் போட்டேன். போட்டதோடு நிற்காமல், "கொழம்பு வச்சுச் சாப்பிடு தாயி" என்று வேறு சொன்னேன்.

மேடத்திடம் சொன்னால் வேலை போகும். பதினேழு வருடம் தினக்கூலியாக இருந்து போன வருடம்தான் நிரந்தரமானேன். இந்த வீடும் பண்ணை வீடு. சொல்லாவிட்டால் அவள் உயிரே போய்விடுமோ? நாளை விடிந்ததும் மேலே போய்விடுவேன்.

அக்டோபர் 16, புதன்

போனேன். சருகுமேட்டுக்கு நாலு கிலோமீட்டர் ஏற்றம். சோலை ஓரத்தில் காட்டுமாடு ஒன்று நின்று என்னையே பார்த்தது. வேறு நாளாக இருந்தால் கத்திக்கொண்டு திரும்பி ஓடியிருப்பேன். இன்று அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

வெள்ளத்தாய் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்! அவள் வீட்டுக்காரர் கேரட் லோடு ஏற்றப் போயிருந்தார்.

"வாந்தின்னாங்களே!"

"ஆஸ்பத்திரில குடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கலக்கா. மாத்திக் குடுத்தாக. இப்பத் தேவல" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சேசுவே, சேசுவே என்று அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்துவிட்டுக் கேட்டேன், "நான் குடுத்த கிழங்கு என்னாச்சும்மா? தின்னுட்டியா?"

"அதையா? அதப் போயி யாராச்சும் திம்பாகளா? வெதைக்கில்ல வச்சிருக்கோம்!"

ஊர் முழுக்கக் கருகி நின்றபோது கருகாமல் நின்ற செடி. அதன் கிழங்கை எந்தப் பைத்தியக்காரி குழம்பில் போடுவாள்? பதினெட்டு வருடம் கிழங்கோடு கிடந்தவளுக்கு இது தோன்றவில்லை. அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற மாதிரி வைத்திருக்கிறாள். தையில் நடுவாளாம். ஏழு கிழங்கு ஒரு பாத்தியாகும், ஒரு பாத்தி ஒரு காடாகும், ஒரு காட்டுக் கிழங்கு எத்தனை வீட்டுக்குப் போகும்? இறங்கிய பயம் இரண்டு மடங்காக ஏறிக்கொண்டது.

திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"குடுத்தத எதுக்குக்கா திருப்பிக் கேக்குறீக?"

"அது விஷம்மா. தின்னா உசுருக்கே ஆபத்து."

"பெரிய எடத்துல தெரிஞ்சுபோச்சாக்கும். அதான் விஷங்கிறீக."

"மாதா சத்தியமா விஷம் தாயி."

அவள் பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "விஷம்னா எதுக்குக்கா என் மடியில போட்டீக?"

எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மேடத்தின் அறை வாசல் வரைக்கும் போனேன், மூன்று தடவை. மூன்று தடவையும் காப்பி வேண்டுமா மேடம் என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்று காப்பி குடித்தார் பாவம்.

அக்டோபர் 19, சனி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். இடது கையில் டிரிப்ஸ். எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. நோட்டையும் பேனாவையும் அருள்தாஸ் கொண்டுவந்து கொடுத்தார். திட்டவே இல்லை அவர். அது இன்னும் பயமாக இருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை மறுபடி சருகுமேட்டுக்குப் போனேன். வெள்ளத்தாய் கதவைச் சாத்தப் பார்த்தாள். குறுக்கே கையை வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் திருப்பித் தர வேணாம். அந்த ஏழுல ஒண்ணே ஒண்ண ஒன் அடுப்புலயே வேகப் போடு. நான் தின்னு காட்டுறேன். அப்புறம் ஒன் இஷ்டம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பரணில் இருந்து ஒன்றை எடுத்துக் கழுவிப் பானையில் போட்டாள். அது வேகிற நேரத்துக்குள் முத்துப்பேச்சியும் மற்ற நாலு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். யார் சொன்னார்களோ. வாசலில் வரிசையாகக் குந்திக்கொண்டார்கள்.

நான் எத்தனை பயந்தாங்கொள்ளி என்பது இந்த நோட்டுக்குத் தெரியும். கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்றைம்பது கிராம் இருக்கும், என் எடைக்கு இது ஆளைக் கொல்லாது, ஆனால் படுக்கப் போடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. கடித்தேன்.

முதலில் மாவாகத்தான் இருந்தது. பிறகு கசந்தது. பாகற்காய்க் கசப்பு நாக்கோடு போய்விடும். இது தொண்டைக்குள் இறங்கி எரிந்தது. துப்பிவிடு துப்பிவிடு என்று உடம்பு கெஞ்சியது. தோலோடு தின்றுகொண்டே போனேன்.

"கசக்குதுங்கிற மாதிரி மூஞ்சிய வைக்கிறாகளே, நெசமாவா நடிப்பா?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். வெள்ளத்தாய் என் பக்கத்தில் வந்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடுங்கள், பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். "சீ, கையை எடு!" என்று கத்திவிட்டேன். அவளை நான் அப்படி அதட்டியதே இல்லை. மிச்சத்தையும் முழுசாகத் தின்று முடித்தேன்.

ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம். ஒன்றுமில்லை. முத்துப்பேச்சி எழுந்து சேலையைத் தட்டினாள். "ஒண்ணும் ஆகலயேக்கா? கசப்புக்கெல்லாம் யாரும் சாக மாட்டாக. புளி ஊத்திக் குழம்பு வச்சா அதுவும் போயிரும்." சேசுவே, எனக்கு வாந்தி வரட்டும் என்று வேண்டிக்கொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது மணி நேரத்தில் வந்தது. வயிற்றைப் பிடித்துத் துணியைப் பிழிகிற மாதிரி பிழிந்தது. முற்றத்துக்கு ஓடக்கூட முடியவில்லை, வாசற்படியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். எடுத்தேன், எடுத்தேன், குடலே வந்துவிடும் போல எடுத்தேன். தலை சுற்றி மலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன்.

வெள்ளத்தாய் பின்னால் வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வயிறு என் முதுகில் அழுந்தியது. உள்ளே இருந்தது ஓர் உதை விட்டது. இத்தனைக்கு நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறாய் நீ, உயிரோடு இரு என்று அதனிடம் சொன்னேனோ நினைத்தேனோ, தெரியவில்லை.

"யாத்தே, நெசந்தானாக்கா! நெசந்தானா!" என்று அவள் அழுதாள். முத்துப்பேச்சி பேயறைந்த மாதிரி நின்றாள். ஒருத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஓடினாள்.

என்னைப் பாயில் படுக்க வைத்துவிட்டு வெள்ளத்தாய் பரணில் இருந்து ஆறு கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்தாள். முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளத்தாய் மறுபடி உள்ளே போய் ஒரு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சாம்பல் பூசிய கிழங்குகள், கூடை நிறைய.

"இதுவும் நாலாம் வரிசைதான்க்கா."

"எது? எப்ப?" பாயை விட்டு எழப் பார்த்தேன்.

"நீங்க சீட்டு எடுக்கப் போனீகள்ல, அப்ப" என்றாள் முத்துப்பேச்சி. "நாங்க அஞ்சு பேரும் எடுத்தோம். இவ வீட்டுப் பரண்தான் ஒழுகாது. அதான் சேத்து வச்சிருந்தோம். தையில பங்கு போட்டு நடலாம்னு."

படுத்துக்கொண்டே எண்ணச் சொன்னேன். முப்பத்தெட்டு. நான் கொடுத்த ஏழோடு நாற்பத்தைந்து. பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டு. மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. மற்ற வரிசைகளுக்குச் சரியாக இருக்கிறது. காய்ப்புக் குறைந்த ரகமாம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏழுக்காக நான் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஏழை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பியிருந்தால்? தையில் இந்த மலை முழுக்க நட்டிருப்பார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வெள்ளத்தாய் கூடையை என் காலடியில் வைத்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"மத்த வரிசை கசக்காதுல்லக்கா? அத எங்களுக்கு மொறையாக் குடுக்கச் சொல்லுங்க. கண்ணு முன்னாடி பச்சையாக் காட்டிட்டு, தொடாதன்னா எப்படி? நாங்க என்ன கல்லா?"

அக்டோபர் 20, ஞாயிறு

மாதங்கி மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்ன சாப்பிட்டீங்க ஜெசிந்தா, இவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

அருள்தாஸ் எழுந்து வெளியே போய்விட்டார். நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்து கூடையை இழுத்தேன். "நாலாம் வரிசை மேடம்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எத்தனை?" என்றார்.

"நாப்பத்துநாலு இதுல இருக்கு. ஒண்ணு என் வயித்துல."

"ரிசல்ட் வந்து பதினொரு நாள் ஆச்சு. பதினொரு நாளா தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களா? மூணு தடவை காப்பி கேக்க வந்தீங்களே, அப்பவாவது சொல்லக் கூடாதா? பிள்ளைத்தாச்சின்னு கேட்டீங்களே, அந்தப் பொண்ணு தின்னிருந்தா?"

பயமாக இருந்தது மேடம் என்றேன். அதைத் தவிர வேறு உண்மை என்னிடம் இல்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் இரண்டு வருட உழைப்பு. "இத மேல எழுதித்தான் ஆகணும். சோதனையையே நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. யார் எடுத்தாங்கன்னு முதல்ல கேப்பாங்க. எடுத்தவங்க மேல போலீஸ் வரைக்கும் போகலாம்."

"யாரும் எடுக்கல மேடம். நான் குடுத்தேன்."

"நாப்பத்தஞ்சுமா?"

"நாப்பத்தஞ்சும் நான்தான் குடுத்தேன். என் கையால."

மேடம் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. வெள்ளத்தாய் சொல்லியனுப்பியதையும் பெயர் சொல்லாமல் சொன்னேன். இரண்டாம் வரிசையையும் ஐந்தாம் வரிசையையும் முறையாகக் கொடுக்கக் கேட்கிறார்கள் என்று. "சோதனை உயிரோட இருந்தா நானே போய் அவங்ககிட்டப் பேசறேன்" என்றார்.

எழுந்து போகும்போது அவர் பார்வை தலையணை ஓரத்தில் இருந்த இந்த நோட்டின் மேல் விழுந்தது. பேனா நடுவில் செருகியிருந்தது.

"விசாரணைக்கு வர்றவங்க கையெழுத்துல இருக்கிற எல்லாத்தையும் கேப்பாங்க. கள நோட்டு, பதிவேடு, எல்லாம். உங்களுக்கு டைரி எழுதற பழக்கம் இருக்கா ஜெசிந்தா?"

"இல்ல மேடம்."

"நல்லது" என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேலை போய்விடும் என்று நினைக்கிறேன். வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் தருவார்கள் என்று தெரியவில்லை. முத்துப்பேச்சி, வெள்ளத்தாய் என்று இதில் பக்கத்துக்குப் பக்கம் பெயர் இருக்கிறது. அருள்தாஸிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வெந்நீர் போடுகிற அடுப்பு இருக்கிறதாம். நான் எழுதி முடிக்கட்டும் என்று வாசலில் தீப்பெட்டியோடு நிற்கிறார்.